மண்ணெண்ணெய் குடித்த எம்.டி. 90

2022 ஆனி மாதம் ஓர் இரவு, வெள்ளவத்தையில் இருக்கிற பெரியம்மாவின் மகன் போன் எடுத்தான். இரண்டு நாள் பெற்றோல் வரிசையில் நின்று, கடைசியில் முடிந்துவிட்டது என்று பலகை தூக்கியதால் மோட்டார் சைக்கிளை வீடுவரை உருட்டிக்கொண்டு வந்தவன். சுகம் விசாரிக்கிற குரல் இல்லை. கசிப்பு எங்கே எடுக்கலாம் என்று கேட்கிறவன் மாதிரிக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணை, முந்தி நீங்கள் அங்க மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடினனீங்கள்தானே. அந்த விசயத்தை ஒருக்காச் சொல்லித் தாங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனிடம் இருப்பது புது வகை. பெற்றோலைக் காற்றோடு கலக்கிற காபரேற்றரே கிடையாது, எவ்வளவு பெற்றோலை எந்த நேரம் பீச்சுவது என்று உள்ளே ஒரு குட்டிக் கொம்பியூற்றர் முடிவெடுக்கும். "தம்பி, உன்ரை படிச்ச சைக்கிள். அது மண்ணெண்ணெய் குடியாது" என்றேன். அதோடு, மண்ணெண்ணெய்க்கும் அப்போது வரிசைதான். அந்த ஆவணியில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஒரே பாய்ச்சலில் ஏறியதும் நினைவிருக்கும். அவன் ஏமாற்றத்தோடு போனை வைத்தான். எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை. அரைகுறையாய் எரிந்த மண்ணெண்ணெய்ப் புகையின் மணம் இருபத்தைந்து வருடம் கழித்து மூக்குக்குள் வந்து குந்திக்கொண்டது.

அவனுக்குப் போனில் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஸ்கந்தபுரத்தில் ஒரு பாலைமரத்துக்குக் கீழே மாமா, அம்மாவின் தம்பி, கராஜ் போட்டார். கராஜ் என்றால் நாலு தடி, மேலே கிடுகு, ஒரு பக்கம் தறப்பாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் ஸ்பனர் எடுத்துக் கொடுப்பேன். பாலைப்பழக் காலத்தில் மேலேயிருந்து பழம் விழும். கிறீஸ் கையோடு பொறுக்கித் தின்று, உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ள நிற்போம்.

வன்னிக்குள் அப்போது பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றறி ஒன்றும் சும்மா உள்ளே வராது. மண்ணெண்ணெய் மட்டும் கூப்பனுக்கும் கடைக்குமாக ஏதோ கொஞ்சம் வரும். விளக்கும் அதுதான், அடுப்பும் அதுதான், தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பும் அதுதான். மோட்டார் சைக்கிளையும் அதில்தான் ஓட்டியாக வேண்டும்.

மாமாவிடம் ஒரு ஹொண்டா எம்.டி. 90 இருந்தது. யப்பானில் தபால்காரர் ஓடுகிற சிவப்பு மோட்டார் சைக்கிள். அதைக் கிளப்புவது ஒரு பூசை மாதிரி. மருந்து ஏற்றுகிற ஊசிக் குழாயில் பெற்றோல் எடுத்து வைத்திருப்பார். பெற்றோலை எங்கள் கராஜில் யாரும் லீற்றரில் கதைத்ததில்லை, சொட்டுக் கணக்குத்தான். காற்று வடியைக் கழற்றி, காபரேற்றரின் வாய்க்குள் மூன்று நாலு சொட்டு. பிறகு கிக்கரை மிதி. பற்றினால் அந்தச் சொட்டுகள் எரிந்து முடிவதற்குள் எஞ்சின் மண்ணெண்ணெயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் திரும்ப நாலு சொட்டு. மூன்றாம் தரமும் பிடிக்காவிட்டால் மாமா பெற்றோல் குழாயைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "மருமோன், தள்ளு" என்பார்.

ஏன் இவ்வளவு கஷ்டம் என்று சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை. எஞ்சினுக்குள் எரிவது எண்ணெய் அல்ல, எண்ணெயின் ஆவி. பெற்றோல் மார்கழிப் பனியிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் அப்படி அல்ல. கிட்டத்தட்ட 38 பாகை செல்சியசுக்கு மேலே சூடானால்தான் அதன் ஆவி தீப்பொறிக்குப் பற்றும். (சித்திரை மத்தியானத்தில் எங்கள் ஊரே அந்தச் சூட்டுக்குக் கிட்ட நிற்கும். ஆனால் கிக்கர் மிதிப்பவனுக்கு அது உதவாது.) எஞ்சின் ஒருமுறை கொதித்துவிட்டால் அந்தச் சூடே மண்ணெண்ணெயை ஆவியாக்கிக்கொள்ளும். பிரச்சினை முதல் ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் வன்னியில் ஆட்கள் பெற்றோலை மருந்துப் போத்தலில் வைத்துப் பூட்டினார்கள்.

அதனாலேயே மல்லாவிச் சந்தையில் ஒரு வேடிக்கை நடக்கும். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் எஞ்சினை நிற்பாட்ட மாட்டார்கள். கத்தரிக்காய்க்கு விலை பேசுகிற பத்து நிமிடமும் வாசலில் அது வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நிற்கும். நிற்பாட்டினால் ஆறிவிடும், ஆறினால் பெற்றோல் சொட்டு வேண்டும். நிற்பாட்டாவிட்டால் மண்ணெண்ணெய் போகும். எது மலிவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. மரத்தடியில் நிற்கிற கிழவர்கள், "நுளம்பு இல்லாமப் போச்சு" என்று பகிடி விடுவார்கள். மலேரியா ஊரையே கிடத்தின காலம் அது. அந்தப் பகிடிக்கு யாரும் பெரிதாய்ச் சிரித்ததில்லை.

இந்த ஓட்டத்தில் எஞ்சின் படுகிற பாடு வேறு. பிளக் கரியாகும். அதைக் கழற்றி, அரத்தாள் போட்டுத் தேய்த்து, அடுப்பில் காய வைத்துப் பூட்டுவோம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையத்தைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். மேடு ஏறும்போது உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது போல 'டொக் டொக்' என்று கேட்கும். மண்ணெண்ணெய் கொஞ்ச அழுத்தத்திலேயே, நேரத்துக்கு முந்தி வெடிக்கிற சாமான். மாமா அதற்கு ஒரு வைத்தியம் செய்தார். சிலிண்டர் தலைக்குக் கீழே, கசியாமல் வைக்கிற மெல்லிய தகடு, கஸ்கெற், ஒன்று இருக்கும் இடத்தில் இரண்டு போட்டார். தலை ஒரு நூல் உயர, உள்ளே அழுத்தம் குறைந்தது. தட்டல் நின்றது. பிறகு எண்ணெய் வருகிற செப்புக் குழாயைச் சைலன்சரின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி விட்டார், எண்ணெய் காபரேற்றருக்கு வரும்போதே சூடாக வரட்டும் என்று. அவர் படித்தது எட்டாம் வகுப்பு. நான் அவரை ஒரு பெரிய விஞ்ஞானி என்று நினைத்திருந்தேன்.

போர் முடிந்து, கையில் இணையம் உள்ள போன் வந்த பிறகுதான் தெரிந்தது, மாமா செய்ததையெல்லாம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தொழிற்சாலையே வைத்துச் செய்திருக்கிறார்கள். 1917 இல் ஹென்றி ஃபோர்ட் போட்ட ஃபோர்ட்சன் டிராக்டர் பெற்றோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறியது. ஹரி பெர்கசன் என்ற மனிதர் 1946 இல் கொவென்றியில் சின்னச் சாம்பல் நிற டிராக்டர் செய்யத் தொடங்கினார். மூன்று வருடத்தில் அதற்கும் மண்ணெண்ணெய் இனத்து எண்ணெயில் ஓடுகிற ஒரு வகை வந்தது. எஞ்சின் அழுத்தத்தைக் குறைத்து, எண்ணெய் போகிற வழியைச் சூடாக்கி. அதே இரண்டு வைத்தியம். அங்கே வரி குறைந்த எண்ணெய் என்பதற்காகச் செய்தார்கள், எங்களுக்கு வேறு எண்ணெய் இல்லை என்பதற்காக. மாமாவுக்கு இதைக் காட்டியிருந்தால், "அப்ப நான் பிழையாச் செய்யேல்லை" என்று மட்டும் சொல்லியிருப்பார். பெருமைப்படுகிற ஆள் இல்லை.

முல்லைத்தீவுப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் இதைப் பெரிய கதையாகவே எடுக்க மாட்டார்கள். அவர்கள் பூட்டுகிற வெளியிணைப்பு எஞ்சின் இன்றைக்கும் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெய்க்கு மாறுவதுதான். கொம்பனியே அப்படிச் செய்து விற்கிறது.

வாசிக்க வாசிக்க எனக்குப் பிடித்துப்போன ஆள் ஒரு பெண். மோட்டார் காரைக் கண்டுபிடித்தவர் காரல் பென்ஸ், 1886 என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். மூன்று சில்லு, பின்னுக்கு ஒற்றைச் சிலிண்டர். ஆனால் அதைப் பட்டறையைச் சுற்றி ஓட்டிக் காட்டுவதோடு மனிதர் நின்றுவிட்டார், யாரும் வாங்கவில்லை. 1888 ஆவணியில் மனைவி பேர்த்தா, புருசனுக்குச் சொல்லாமல், இரண்டு பொடியன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமில் இருந்து தாய்வீடு இருக்கிற போர்ஸ்ஹைமுக்கு விட்டுவிட்டார். நூறு கிலோமீற்றருக்கு மேல். பரந்தனில் இருந்து வவுனியாவையும் தாண்டிப் போகிற தூரம். வழியில் எண்ணெய் முடிந்தது. பெற்றோல் செட் என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாத காலம். வீஸ்லொக் என்ற ஊரில் மருந்துக் கடைக்குப் போய், துணியில் கறை எடுக்க விற்கிற லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். வயரின் காப்பு தேய்ந்தபோது காலுறை நாடாவைச் சுற்றினார். மேட்டில் பொடியன்கள் இறங்கித் தள்ளினார்கள். பிறேக் கட்டை தேய்ந்ததும் ஒரு சப்பாத்துத் தைக்கிறவரிடம் தோல் அடிப்பித்தார்.

இதை வாசித்தபோது நான் கராஜில் தனிய இருந்து சிரித்தேன். மருந்துக் குழாயில் பெற்றோல், தள்ளுகிற பொடியன், தோல் துண்டில் பிறேக். எங்கள் ஸ்கந்தபுரம்தான். வாகன வரலாற்றில் கண்டுபிடித்தவனின் பெயரைப் பெரிதாகப் போடுகிறார்கள். எனக்கு அது முழுச் சரியாகப் படவில்லை. வழியில் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஓட வைத்தவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கராஜ்காரன் என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஓம், அதனால்தான்.

டீசலுக்கும் ஒரு கதை உண்டு. 1900 இல் பாரிஸ் கண்காட்சியில் றுடோல்வ் டீசலின் எஞ்சின் ஒன்றைக் கச்சான் எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். பார்த்த பல பேருக்கு அது கச்சான் எண்ணெய் என்றே தெரியவில்லையாம். பிளக் இல்லாமல், காற்றை நெரித்து வருகிற சூட்டிலேயே எரிக்கிற எஞ்சின், அதனால் எண்ணெயில் அவ்வளவு தெரிவு பார்க்காது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனத்தை நிற்பாட்டித் தேங்காய் அடித்துக் கச்சான் வாங்குகிற ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த மனிதரின் ஞாபகம் வரும். லொறிக்கும் சாரதிக்கும் ஒரே சாப்பாடு.

மோட்டார் சைக்கிள் பற்றி இவ்வளவு எழுதினாலும், அந்த வருடங்களில் வன்னியைச் சுமந்தது சைக்கிள்தான். மாமாவின் உண்மையான வருமானமும் அதில்தான். றலி, லுமாலா, பேர் அழிந்த இந்தியச் சைக்கிள், எல்லாம் வரும். கரியரில் இரண்டு மூடை நெல், பாரில் ஒரு மூடை. விறகுக்காரர் ஏற்றுகிற பாரத்தைப் பார்த்தால் சைக்கிள் தெரியாது, விறகு தானாக நடந்து வருவது போல இருக்கும். ஹாண்டிலில் நீளத் தடி ஒன்றைக் கட்டி, பக்கத்தில் நடந்து திருப்புவார்கள். காய்ச்சல்காரரைக் கரியரில் இருத்தி, சாயாமல் சாரத்தால் ஓட்டுகிறவரின் முதுகோடு கட்டி அக்கராயன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். என்னையும் ஒருக்கா அப்படித்தான் கொண்டுபோனார்கள். மாமாவின் முதுகு நெருப்பாய்ச் சுட்டது ஞாபகம். சுட்டது அவர் முதுகா என் நெற்றியா என்று பிறகு யோசித்திருக்கிறேன்.

சைக்கிளும் முதலில் மிதிக்கிற சாமான் இல்லை. 1817 இல் ஜேர்மனியில் காரல் டிறைஸ் என்பவர் இரண்டு மரச் சில்லை முன்பின்னாக ஒரு சட்டத்தில் பூட்டி, நிலத்தைக் காலால் உதைத்து உதைத்து ஓடினார். பெடல் வர இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல். பிறகு முன் சில்லைப் பனையளவு பெருப்பித்து, அதன் உச்சியில் ஏறி இருந்து விழுந்து மண்டையை உடைத்த ஒரு காலம். 1885 இல் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி போட்ட றோவர் சைக்கிளில்தான் இரண்டு சில்லும் கிட்டத்தட்ட ஒரே அளவாகி, செயின் பின் சில்லுக்குப் போனது. எங்கள் விறகுக்காரரின் சைக்கிளையும் அதையும் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 1885 இல் சரியாக வந்துவிட்ட ஒரு உருவம், இன்னும் மாறவில்லை.

அந்த றோவருக்கு இல்லாதது ஒன்றுதான், காற்று. கட்டி றப்பர்தான் ரயர். 1888 இல் பெல்பாஸ்டில் டன்லொப் என்ற மிருக வைத்தியர் மகனின் மூன்று சில்லுச் சைக்கிள் குலுங்குகிறது என்று றப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சில்லில் கட்டி, அதற்குக் காப்புரிமையும் எடுத்தார். பிறகு பார்த்தால் ரொபேட் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1845 இலேயே அதைப் பதிந்து வைத்திருக்கிறார். பெடல் சைக்கிள் இல்லாத காலத்தில் குதிரை வண்டிக்காக. டன்லொப்பின் உரிமை செல்லாமல் போனது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

காற்றுக்கு முந்திய ரயர் எப்படி இருக்கும் என்று எனக்கு வாசித்துத் தெரிய வேண்டியதில்லை. ரியூப் கிடைக்காத ஒரு மாரிக்கு மாமா, ரயருக்குள் வைக்கோலை முறுக்கி அடைத்து ஒரு சைக்கிளை எடுத்து விட்டார். கொண்டுபோனவர் சந்தியைக்கூடத் தாண்டவில்லை. திரும்பி உருட்டிக்கொண்டு வந்து, இடுப்பைப் பிடித்தபடி, "தம்பி, இதில ஓடுறதை விட வைக்கோலைத் தின்னலாம்" என்றார். வைக்கோல் நனைந்து, நசிந்து, ஒரு பக்கம் பொம்மிக்கொண்டு நின்றது. அதன்பிறகு ஒட்டுக்கு மேல் ஒட்டுத்தான். பதினேழு ஒட்டுப் போட்ட ரியூப் ஒன்றை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். பழைய ரியூப்பை வெட்டி ஒட்டுத் துண்டு, வெடித்த ரயருக்குள் இன்னொரு ரயர்த் துண்டு, அதையும் சேர்த்துச் சுற்றி ரியூப் நாடா. சில்லு சுழலும்போது அந்தக் கட்டு 'டப் டப்' என்று அடிக்கும். யார் வருகிறார்கள் என்று சத்தத்திலேயே தெரியும்.

ஒன்று மட்டும் இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. பிரேசிலில் இருந்து கொண்டுபோன றப்பர் விதையை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, 1876 இல் சுமார் 1,900 கன்றை அனுப்பியது இந்த இலங்கைக்குத்தான். கம்பகாவில் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். ஆசியாவின் றப்பருக்கு அது ஒரு தாய்வீடு. அதே தீவின் வடக்கில் நாங்கள் ரயருக்குள் வைக்கோல் அடைத்தோம்.

சைக்கிளுக்கு வன்னியில் இன்னொரு தொழிலும் இருந்தது. பற்றறி இல்லாத வீட்டில் பின்னேரம் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். டைனமோவை ரயரோடு முட்டவிட்டு, வயரை றேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்றச் சுற்ற எல்லாரும் பிபிசி தமிழோசை கேட்பார்கள். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துப் போவார். முக்கியமான இடத்தில் கையை மாற்றப் போய், எந்த ஊர் பிடிபட்டது என்று கேட்காமல் விட்டதற்காக எனக்கு ஒருக்காப் பிடரியில் விழுந்தது.

கோச்சிக்கு வருகிறேன். 1905 இல் கொழும்பில் இருந்து காங்கேசன்துறை வரைக்கும் வன்னிக் காட்டை வெட்டிக்கொண்டு பாதை முழுமையானது. 1956 சித்திரையில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அம்மா அதைப் பற்றிச் சொல்லாத நாள் இல்லை. மாங்குளத்தில் ஏறுகிற வடை, முறிகண்டியில் சில்லறை எறிகிற சனம். 1990 இல் எல்லாம் நின்றது. எனக்கு அப்போது ஆறு வயது. கோச்சியில் ஏறின ஞாபகம் இல்லை. தண்டவாளத்தை மட்டும் நன்றாகத் தெரியும். அதையும் சிலிப்பர்க் கட்டையையும் கழற்றி இரண்டு பக்கமும் பங்கர் கட்டினார்கள். எங்கள் பங்கருக்கும் கூரைக்கு இரண்டு துண்டு கிடைத்தது. குண்டு விழுகிற இரவுகளில் அதன் கீழே படுத்திருப்போம். பல நூறு தொன் எடை தாங்கச் செய்த இரும்பு என்று மாமா சொல்லி எங்களுக்குத் தைரியம் தருவார். விமானத்தைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. அது எங்களுக்கு ஏறுகிற சாமானாக அறிமுகமாகவில்லை.

2002 இல் ஏ9 திறந்தது. நான்கு வருடம் பெற்றோல் பெற்றோலாகவே ஓடியது. மாமா இரண்டாவது கஸ்கெற்றைக் கழற்றினார். 2006 ஆவணியில் பாதை திரும்பப் பூட்டுப்பட்டபோது, பெட்டிக்குள் தேடி அதை எடுத்துத் திரும்பவும் போட்டார்.

2009 ஐ நான் நீட்டி எழுதப் போவதில்லை. பரந்தனில் இருந்து நாங்கள் வெளிக்கிட்டது பக்கத்து வீட்டாரின் உழவு மெசின் பெட்டியில். கூரைத் தகரம், கதவு நிலை, கோழிக்கூடு, கராஜின் வைஸ், மேலே அம்மம்மா. மாமா பின்னால் எம்.டி. 90 இல். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு. ஒவ்வொரு இடத்திலும் பெட்டியில் இருந்து ஏதோ ஒன்று இறங்கியது. புதுக்குடியிருப்புக்கு அங்கால் டீசல் இல்லை, மெசின் நின்றது. அதற்கு அங்கால் சைக்கிள், கரியரில் அரிசியும் உடுப்பும். மாத்தளனுக்கு அங்கால் மணல், சைக்கிள் உருளாது. கடைசியில் கையில் ஒரு பையோடு தண்ணிக்குள் நடந்தோம். மாமா அந்த நடைக்கு வரவில்லை. அவரை முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டுத்தான் வந்தோம். எம்.டி. 90 உம் அங்கேதான். பிறகு அந்தப் பக்கம் போனபோது மலை மலையாய்க் குவிந்து கிடந்த துருப்பிடித்த சைக்கிள்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவில் சைலன்சரில் செப்புக் குழாய் சுற்றியது ஏதும் கிடக்கிறதா என்று பார்த்தேன். செப்பை முதலே யாரோ கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். விலைபோகிற உலோகம்.

2013 புரட்டாதியில் கிளிநொச்சிக்குத் திரும்பக் கோச்சி வந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். "நிறம் மாத்திப் போட்டாங்கள்" என்று மட்டும் சொன்னார். புதுப் பாதையில் கோச்சி கடும் வேகம். இருபத்து மூன்று வருடம் கோச்சி இல்லாமல் வளர்ந்த சனத்துக்கும் மாட்டுக்கும் அந்த வேகம் பழக்கமில்லை. கதவில்லாத கடவைகளில் எத்தனை பேர், எத்தனை பட்டி மாடு. கதவு போடச் சொல்லி எங்கள் சந்திக்காரர் எழுதின கடிதம் ஒரு கந்தோரில் இருந்து இன்னொரு கந்தோருக்குப் போய், மூன்றாம் வருடம்தான் மணி பூட்டினார்கள். 1869 இல் வெஸ்ரிங்ஹவுஸ் காற்றுப் பிறேக்கைக் கொண்டுவந்தபோது முழுக் கோச்சியையும் ஒரே பிடியில் நிற்பாட்டலாம் என்று உலகம் வியந்ததாம். நிற்கும்தான். ஆனால் சில நூறு மீற்றர் தள்ளிப்போய்த்தான் நிற்கும். இரும்புச் சில்லு இரும்புப் பாதையில் வழுக்கி ஓடுவதுதான் கோச்சியின் கெட்டித்தனம். குறைந்த எண்ணெயில் நிறையப் பாரம் இழுப்பதும் அதனால்தான், நிற்காததும் அதனால்தான். மாட்டுக்கு இதை யார் சொல்வது?

சரி, வெள்ளவத்தைக்காரனின் கதை முடியவில்லை.

2022 ஆடியில் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்றார்கள். அவன் திரும்ப எடுத்தான். நாலு லீற்றரில் வேலைக்குப் போய்வரக் காணாது, சைக்கிள் வாங்கப் போனால் கொழும்பில் விலை நெருப்பு. "அண்ணை, உங்க ஏதும் பழைய சைக்கிள்..." என்று இழுத்தான்.

கராஜின் பின்பக்கம் என்னுடைய லுமாலா நின்றது. போல்ஸ் கழற்றிக் கழுவி, புதுக் கிறீஸ் வைத்து, இரண்டு ரயரும் மாற்றி, கிளிநொச்சி ஸ்டேசனுக்கு ஓடிக்கொண்டு போனேன். பார்சல் எடுக்கிற தம்பி, சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொழும்புக்கோ? இங்கயிருந்தோ?"

"ஓம்."

"எல்லாம் அங்கயிருந்து இங்க வாறதுதானே அண்ணை வழமை" என்று சொல்லிக்கொண்டே துண்டு எழுதினார். ஹாண்டிலில் பெயர் அட்டையைக் கட்டி, பெடலைத் திருப்பி உள்ளுக்கு வைத்து, யாழ்தேவியில் ஏற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்குப் போன்.

"அண்ணை, பின் சில்லுக்குக் காத்துப் போட்டுது. காலி வீதியில ஆணி. கடைக்காரன் நாளண்டைக்குத்தான் பார்ப்பானாம்."

"வீட்டில பேசின் இருக்கே?"

"இருக்கு."

"அதில தண்ணியைப் பிடி. ரெண்டு தேக்கரண்டியும் எடு, ரயரைக் கிளப்ப. போனை ஸ்பீக்கரில போட்டு வை."